தெரியாத சொல்: பொருளுக்கு எங்கே போவது, பிறப்புக்கு எங்கே போவது

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய காணி உறுதியை விரித்தாலும் சரி, வயதான ஒருவர் கதைப்பதைக் கொஞ்ச நேரம் கூர்ந்து கேட்டாலும் சரி, தெரியாத சொல் ஒன்றாவது அகப்படும். அதை விளங்கிக்கொள்ள இன்று வழிகள் நிறைய இருக்கின்றன. வீட்டில் மூத்தவர்களைக் கேட்கலாம். க்ரியா அகராதியைப் புரட்டலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறக்கலாம். வின்சுலோ, மானிப்பாய் அகராதி, பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதி, ஞானப்பிரகாசர், பாவாணர் என்று வரிசை நீளுகிறது. போதாததற்கு, கேட்ட உடனே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் கைக்குள் வந்துவிட்டது. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

முதலில் உங்களுக்குத் தேவை அந்தச் சொல்லின் பொருளா, பிறப்பா என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரியும், ஆனால் அல்ல. பொருளை அச்சொட்டாகச் சொல்லும் ஆள் பிறப்பைப் பிழையாகச் சொல்லக்கூடும். பிறப்பைச் சரியாகக் காட்டும் புத்தகத்துக்கு, நமது ஊரில் அந்தச் சொல் எந்தப் பொருளில் வழங்குகிறது என்பது தெரியாமல் இருக்கலாம். இரண்டையும் ஒரே இடத்தில் தேடப் போய்த்தான் பலர் குழம்பிவிடுகிறார்கள்.

ஊரைக் கேட்பது

'பிளா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கூழ் பற்றிய பழைய எழுத்து ஒன்றில் 'பிளாவில் வார்த்துக் குடித்தார்கள்' என்று வந்தால், இன்றைய இளம் வாசகருக்கு அது கோப்பையா, சட்டியா, சிரட்டையா என்று விளங்காது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் ஆச்சியிடம் இதைக் கேட்டேன். அவர் வாயால் விளக்கம் சொல்லவே இல்லை. "உந்தப் பச்சை ஓலையை எடு பிள்ளை" என்றார். ஓலையை விரித்துப் பிடித்து, ஓரங்களை உள்ளே மடித்து, நுனியை ஒன்றாய்ச் சேர்த்து நாரால் இறுக்கிக் கட்டினார். கையில் ஒரு குழிந்த பாத்திரம் வந்துவிட்டது. "இதுக்குள்ளதான் கூழ் வாக்கிறது. வாயில வைக்க ஓலை மணமும் சேர்ந்து வரும். கள்ளுக்கும் இதுதான். குடிச்சு முடிய எறிஞ்சிடுவம்."

அந்த மணமும், குடித்தபின் எறிந்துவிடும் வழக்கமும் எந்த அகராதியிலும் கிடைக்காது. பொருள் என்று நாம் சொல்வதில் பாதி இப்படிப்பட்ட விஷயம்தான்: எப்போது பாவித்தார்கள், யார் பாவித்தார்கள், எதோடு சேர்த்துச் சொன்னார்கள். இதற்கு ஆட்களை விடச் சிறந்த வழி இல்லை.

ஆனால் கேட்கும் விதம் முக்கியம். "இதன் அர்த்தம் என்ன?" என்று கேட்டால் பெரியவர்கள் பள்ளிக்கூடப் பதில் ஒன்றைத் தேடத் தொடங்கிவிடுவார்கள். "இதை எப்ப சொல்லுவியள்?" "ஆரைப் பாத்துச் சொல்லுவியள்?" என்று கேளுங்கள், கதை தானாக வரும். அதோடு, சொல்லுக்கு உரிய தொழிலாளியிடம் போங்கள். காற்றின் பெயர்களை வயல்காரரிடம் கேட்பதை விடப் பருத்தித்துறைப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களிடம் கேட்பது மேல். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் எல்லாம் அவர்களுக்கு அன்றாடப் பிழைப்போடு சேர்ந்தவை, எது எப்போது திரும்பும் என்பது அவர்கள் கணக்கில் இருக்கும். அதேபோல ஓலைச் சாமான்களுக்குப் பனையோடு வாழ்ந்தவர்கள். தீவுப்பகுதியில் ஒரு பொருளும் வடமராட்சியில் இன்னொரு பொருளும் இருப்பது உண்டு, அதனால் ஓர் ஊரோடு நின்றுவிடக் கூடாது.

சரி, பிறப்பு? அதே ஆச்சியிடம் "ஏன் பிளா எண்டு பேர் வந்தது?" என்று கேட்டேன். "ஓலையைப் பிளந்து செய்யிறபடியால் பிளா" என்றார், தயங்காமல். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் லெக்சிகனில் 'பிழா' என்ற இடத்துக்குப் போனால் கதை மாறுகிறது. வாயகன்ற பாத்திரத்துக்கும் ஓலைப் பாத்திரத்துக்கும் வழங்கும் பழைய பெயர் அது. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், சோற்றுக் களியை ஆறவைக்கும் இடத்தில் 'மலர்வாய்ப் பிழா' வருகிறது. சங்க காலத்துச் சொல் ஒன்று நம் ஊர்க் கூழ்ப் பானைக்குப் பக்கத்தில் இன்றுவரை இருந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பேச்சில் ழகரம் ளகரமாகவே ஒலிப்பதால் எழுத்தும் 'பிளா' என்று மாறிவிட்டது. அடியில் இருப்பது ழ என்றால், பிளத்தலுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

ஆச்சி பொருளை முழுமையாகச் சொன்னார். பிறப்புக்கு அவரிடம் போயிருக்கத் தேவையில்லை. ஊர் வழக்கில் சொல்லப்படும் சொற்பிறப்புக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான்: சொல்லை இரண்டாக உடைத்து, இரண்டு துண்டுக்கும் தெரிந்த தமிழ்ப் பொருளைப் பொருத்துவது. இதற்கு நல்ல உதாரணம் 'தவறணை'. கள்ளு விற்கும் இடம். 'தவறு' என்ற சொல் உள்ளே தெரிகிறது, தவறு செய்யும் இடம் என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு, றகரம் போட்டு எழுதுவதும் அந்த விளக்கத்துக்குத் துணை போகிறது. உண்மையில் அது போர்த்துக்கேயரின் 'தவெர்னா'. சங்கடப்படலை என்ற கூரை போட்ட வாசலுக்கும், வழிப்போக்கரின் சங்கடம் தீர்ப்பதால் அந்தப் பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதை. மழைக்கும் வெயிலுக்கும் அங்கே ஒதுங்கியவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் பழைய எழுத்துச் சான்று இல்லாமல் அதைச் சொற்பிறப்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

அகராதிகளுக்குள் எது?

அகராதி என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து, கையில் கிடைத்ததைப் புரட்டுவது வழக்கம். அவை ஒவ்வொன்றும் வேறு வேறு காரியத்துக்குச் செய்யப்பட்டவை.

இன்றைய எழுத்தில், ஒரு சிறுகதையிலோ பத்திரிகையிலோ வரும் சொல் என்றால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதிதான் முதல் தேர்வு. 1992இல் முதல் பதிப்பு வந்தது. 2008இல் வந்த விரிவாக்கிய பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளைத் தனிக் குறிப்போடு சேர்த்தார்கள், 2020இல் மூன்றாம் பதிப்பும் வந்தது. ஒரு சொல் வாக்கியத்தில் எப்படி வரும் என்று எடுத்துக்காட்டோடு தருவது இதன் பெரிய பலம். நம் பேச்சு வழக்குக்கு ஒரு தமிழ் அகராதி மரியாதையோடு இடம் கொடுத்ததைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பிறப்பை இதில் தேடாதீர்கள். அது அதன் வேலை அல்ல.

பழைய சொல், பாட்டில் வந்த சொல், உறுதியில் வந்த சொல் என்றால் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. சொற்கள் ஒரு லட்சத்துக்கு மேல். வையாபுரிப்பிள்ளை 1926இலிருந்து பதிப்பாசிரியராக இருந்து முடித்த வேலை. ஒவ்வொரு சொல்லுக்கும் எந்த நூலில் வருகிறது என்ற மேற்கோள் இருக்கும். பிற மொழியிலிருந்து வந்ததென்றால் எந்த மொழி என்ற குறிப்பும், இனமொழிகளில் அதன் வடிவமும் தலைச்சொல்லை அடுத்தே இருக்கும். யாழ்ப்பாண வழக்கு என்றால் அதைக் காட்ட ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்றை அடைப்புக்குள் போட்டிருப்பார்கள். பலர் இந்தச் சின்னக் குறிப்புகளைத் தாண்டிப் போய் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் பிசகு.

'கிடுகு' என்று தேடிப் பாருங்கள். கேடயம் என்ற பொருளும் வரும், பின்னிய தென்னோலை என்ற பொருளும் வரும். கிடுகு வேலி என்று ஒரு யாழ்ப்பாண எழுத்தாளர் எழுதியதைப் படித்துவிட்டு, கேடயங்களால் ஆன வேலி என்று ஒரு வெளியூர் வாசகர் விளங்கிக்கொண்டால் அது அகராதியின் குற்றம் அல்ல. ஒரு சொல்லுக்குப் பல பொருள் தரப்பட்டிருக்கும்போது எந்தப் பொருள் என்று தீர்மானிப்பது வாசகருடைய வேலை. அதற்கு ஊர் வழக்கு தெரிந்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவரைக் கேட்க வேண்டும்.

லெக்சிகனில் தேடும்போது யாழ்ப்பாணத்தவர் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பேச்சு வடிவத்தை எழுத்து வடிவத்துக்குத் திருப்புவது. ள என்று கேட்டால் ழவிலும் தேடுங்கள். 'ண்டு' என்று கேட்டால் 'ன்று' ஆக்கிப் பாருங்கள்: மூண்டு என்பது மூன்று, கண்டு என்பது கன்று. பண்டி என்றால் பன்றி. 'த்த' என்று கேட்பது 'ற்ற' ஆக இருக்கலாம்: காத்து, காற்று. இவ்வளவும் செய்தும் கிடைக்காவிட்டால்தான் அகராதியில் இல்லை என்று சொல்லலாம்.

வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. சொற்கள் 67,000க்கு மேல். அச்சானது சென்னையில் என்றாலும் அதன் வேர் நம் மண்ணில்தான். யாழ்ப்பாணத்தில் மிஷன் வேலை செய்த யோசேப் நைற் தொடங்கிய சேகரிப்பு அது, வின்சுலோவும் உடுவிலில் நீண்ட காலம் இருந்தவர். பின்னால் லெக்சிகன் எழுந்ததும் இந்த அகராதியைத் திருத்தி விரிக்கும் எண்ணத்திலிருந்துதான். 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு சொல் எந்தப் பொருளில் வழங்கியது என்று பார்க்க இதை நான் விரும்பி எடுப்பேன். வடமொழிச் சொற்களைத் தனியே அடையாளம் காட்டியிருக்கிறார், அதற்கு மேல் பிறப்பு ஆராய்ச்சி இல்லை.

மானிப்பாயில் 1842இல் அச்சான யாழ்ப்பாண அகராதி அதற்கும் முந்தியது. தமிழுக்குத் தமிழிலேயே பொருள் சொல்வது. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல், அவ்வளவுதான். சுருக்கமானது என்றாலும், ஒரு சொல் அப்போதே இருந்ததா என்று உறுதி செய்ய இதைப் போல உதவுவது வேறில்லை. ஒரு சொல் பிரித்தானியர் காலத்து ஆங்கிலத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால், 1842க்கு முன்பே அது ஊர்ச்சொல்லாக இருந்ததா என்று இங்கே பார்க்கலாம்.

பிறப்பைத் தேடும்போது

இங்கேதான் தேர்வு உண்மையில் கடினமாகிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பது அந்தச் சொல் எந்தக் குடும்பம் என்பதைப் பொறுத்தது, ஆனால் எந்தக் குடும்பம் என்பதைத்தானே தேடுகிறோம். அதனால் முதலில் ஓர் ஊகம் வேண்டும். ஊகத்துக்கு இரண்டு துணைகள் உண்டு: சொல்லின் ஒலியும், அது குறிக்கும் பொருள் இந்த மண்ணுக்கு வந்த காலமும்.

ஒலியை எடுத்தால், ட, ர, ல போன்ற எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை என்பது தொல்காப்பியக் காலத்து விதி. மேசையின் இழுப்பறையான 'லாச்சி', கைக்குட்டையைக் குறிக்கும் 'லேஞ்சி' இரண்டும் லகரத்தில் தொடங்குகின்றன. உடனே வெளியே பார்க்கலாம்: லாச்சி ஒல்லாந்தருடையது, லேஞ்சி போர்த்துக்கேயருடையது. யாழ்ப்பாண எழுத்தில் ரகரத்தில் தொடங்குவதென்றால், ஆங்கிலத்தின் டகர ஒலியை நாம் ரகரமாக எழுதும் பழக்கமும் நினைவில் இருக்கட்டும். டொபி, டோர்ச் லைட், டயர் என்பவற்றை நாம் ரொபி, ரோச் லைற், ரயர் என்று எழுதுவதெல்லாம் அந்த வகை.

ஆனால் விதிக்குப் பொருந்தி வருவதெல்லாம் தமிழ் என்று நினைக்கவும் கூடாது. 'கதிரை' எவ்வளவு தமிழாக ஒலிக்கிறது! கதிர்காமத்தையும் கதிரை என்கிறோம். கதிரைவேல் என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம், யாழ்ப்பாணத்து அகராதிக்காரர் கதிரைவேற்பிள்ளையின் பெயரில் இருப்பதும் அந்தக் கதிரைதான். உட்காரும் கதிரையோ போர்த்துக்கேய மொழியின் 'கதெய்ரா'. ஒலியால் இரண்டும் ஒன்று, வந்த வழி வேறு.

இங்கே வரலாறு கைகொடுக்கும். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்தது. 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். போர்த்துக்கேயர் ஆண்ட காலம் குறைவு, ஆனால் அவர்கள் சொற்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டன: கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், குசினி, பாண், துவாய், சப்பாத்து. ஒல்லாந்தர் சொற்களில் நிர்வாகமும் சட்டமும் கூடுதலாகத் தெரியும்: அலுவலகத்துக்குக் கந்தோர், உறுதி எழுதுபவருக்கு நொத்தாரிசு, கடனில் முறிந்தவருக்கு வங்குறோத்து. கக்கூசும் அவர்களுடையதுதான். இது இறுக்கமான பிரிவு அல்ல. காணிப் பதிவேடான தோம்பு போர்த்துக்கேயச் சொல், லாச்சி தளபாடத்தில் இருந்தாலும் ஒல்லாந்தச் சொல். என்றாலும், ஒரு சாமான் இங்கே எப்போது வந்தது, யார் கொண்டுவந்தார்கள் என்று கேட்டுவிட்டு அகராதியைத் திறப்பவர் பாதித் தூரம் நடந்துவிட்டார்.

சொல் பழைய தமிழ்ச் சொல் போலத் தெரிந்தால் பரோ – எமனோ அகராதிக்குப் போங்கள். 1961இல் முதலில் வந்தது, 1984இல் திருத்திய பதிப்பு. 5,500க்கு மேற்பட்ட பதிவுகள். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு தொடங்கி எழுத்தே இல்லாத சிறு மொழிகள் வரை ஒரே வேரின் உறவுகளை ஒரு பதிவுக்குள் தருகிறது. நமக்கு இது ஏன் தேவை? 'என்ன பறையிறியள்?' என்று நாம் கேட்பதைக் கேட்டவுடன், இது மலையாளத்திலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், மலையாளத்தில் 'பறயுக' என்று இருப்பதால். அந்த அகராதியில் தமிழின் பறையும் மலையாளத்தின் பறயுகவும் ஒரே பதிவுக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. லெக்சிகனைப் பார்த்தால் பறைதலுக்குச் சொல்லுதல் என்ற பொருள் தமிழிலேயே இருக்கிறது. கடன் வாங்கவில்லை, இரு வீட்டுக்கும் ஒரே முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து. தமிழ்நாட்டின் பொது வழக்கில் அந்தப் பொருள் மங்கிவிட்டது, நம்மிடம் மங்கவில்லை. உறவையும் கடனையும் பிரித்தறிய இந்த அகராதியை விட நம்பகமானது எதுவும் எனக்குத் தெரியாது.

குறைகளும் உண்டு. தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் இருக்கும், பழக்கம் இல்லாதவருக்கு முதல் சில நாள் கண் நோகும். போர்த்துக்கேய, ஒல்லாந்தக் கடன் சொற்களுக்கு அதில் வேலை இல்லை. கதிரையை அங்கே தேடிக் காணாமல் திரும்பி, அகராதி சரியில்லை என்று சொன்னால் அது நியாயம் அல்ல.

நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1875இல் மானிப்பாயில் பிறந்தவர். பரோவும் எமனோவும் வருவதற்கு முன்பே, 1938இலிருந்து சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். 1947இல் அவர் காலமானபோது பணி முற்றுப்பெறவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு மனிதர் தனியாக எடுத்த முயற்சி என்று நினைக்கும்போது மலைப்பாக இருக்கிறது. அதில் சொல் கிடைத்தால் கட்டாயம் படியுங்கள், சொற்களை ஒன்றோடொன்று தொடுத்துப் பார்க்கும் கண் வரும். ஆனால் எல்லாவற்றையும் ஆதிவேருக்குக் கொண்டுபோகும் அவருடைய முடிவுகளை மற்ற அகராதிகளோடு ஒத்துப் பார்த்த பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் வழியில் 1974இல் தமிழ்நாட்டில் தொடங்கி 2011இல் நிறைவடைந்த செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் பேரகரமுதலிக்கும் இதையே சொல்வேன், இன்னும் கொஞ்சம் அழுத்தமாக. வடமொழி என்று லெக்சிகன் குறித்த பல சொற்களுக்குத் தமிழ் வேர் காட்டும் நோக்கம் அதற்கு உண்டு. சில இடங்களில் லெக்சிகன் அவசரப்பட்டிருக்கிறது என்று அது காட்டுவது ஏற்கத்தக்கது. சில இடங்களில் அன்பு சான்றை முந்திவிடுகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டும் இரு வேறு பிறப்புச் சொன்னால், எது பழைய நூலில் இருந்து மேற்கோள் காட்டுகிறது, எது இனமொழிச் சான்று தருகிறது என்று பாருங்கள். மொழிப்பற்று அந்த இடத்தில் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

இணையமும் நூலகமும்

இந்த அகராதிகளில் பலவற்றைத் தேடிக் கொழும்புக்கோ சென்னைக்கோ போகத் தேவையில்லை. லெக்சிகன், வின்சுலோ, பரோ – எமனோ மூன்றும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடக் கிடைக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் பழைய பத்திரிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இருக்கிறது. ஒரு சொல்லை அகராதியில் காணவில்லை என்றால், ஈழத்து எழுத்தில் அது எங்காவது வந்திருக்கிறதா என்று பார்க்க அதுதான் இடம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது 97,000 வரையான நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்த இழப்புக்குப் பிறகு, நம் சொல் வழங்கிய பழைய பக்கம் ஒன்று எங்கோ ஒரு வீட்டு அலுமாரியிலிருந்து மின்வடிவம் பெற்று வருவதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

செயற்கை நுண்ணறிவு செயலிகளைப் பொறுத்தவரை, எந்தச் சொல்லைக் கேட்டாலும் ஒரு பிறப்பைச் சொல்லிவிடும், அதுவும் உறுதியான குரலில். யாழ்ப்பாண வழக்குச் சொற்களில் அது பிசகுவதை நிறையப் பார்க்கலாம். எங்கே தேடுவது என்று யோசனை கேட்கப் பாவியுங்கள். சொன்ன பதிலை அகராதிப் பக்கத்தில் கண்ணால் காணும்வரை எழுதாதீர்கள். முகநூலில் பகிரப்படும் சொல்லாராய்ச்சிப் படங்களுக்கும் அதே அளவுகோல்.

எந்த நேரத்தில் எது

கதை படிக்கிறீர்கள், பொருள் மட்டும் வேண்டும்: க்ரியா, கிடைக்காவிட்டால் வீட்டில் மூத்தவர். வேறு எதற்கும் மினக்கெட வேண்டாம், கதை ஓட்டம் கெட்டுவிடும்.

உறுதி படிக்கிறீர்கள் என்றால் விஷயம் வேறு. பரப்பு, குழி போன்ற அளவுச் சொற்களை ஊரிலேயே சொல்லிவிடுவார்கள். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆனால் 'முதுசம்' போன்ற சொல் வந்தால் மூன்று தட்டு இருக்கிறது. பேச்சில் அது பரம்பரையாய் வந்த எந்தச் சொத்தும். பிறப்பைப் பார்த்தால் முதுசொம்: முது என்பதோடு, சொத்தைக் குறிக்கும் சொம் சேர்ந்தது. சொம் வடமொழியின் 'ஸ்வ' என்பதிலிருந்து வந்தது. பேச்சில் முதுசமாகத் தேய்ந்துவிட்டது. மூன்றாவது தட்டு சட்டம். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி 1706இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தபோது, 12 தமிழ் முதலிமார் அதைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். முதுசம், சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் தேடிய சொத்து) என்ற பிரிவுகள் அதில் இருக்கின்றன. பிறகு 1911ஆம் ஆண்டின் சட்டமும் அதன் திருத்தங்களும் வந்தன. காணி விற்க, பங்கு பிரிக்க அந்தச் சொல்லின் பொருள் தேவை என்றால் அகராதியை மூடிவிட்டு நொத்தாரிசிடம் போங்கள். லெக்சிகன் எவ்வளவு பெரிய நூலாக இருந்தாலும் நீதிமன்றத்தில் சொத்தைப் பிரித்துத் தராது.

பிறப்பு வேண்டும், அதை எழுதப் போகிறீர்கள்: ஊரில் பொருளை உறுதி செய்து, லெக்சிகனில் குறிப்பைப் பார்த்து, தமிழ் என்றால் பரோ – எமனோவுக்கும், வெளியே என்றால் அந்த மொழியின் அகராதிக்கும் போவதுதான் என் ஒழுங்கு. இரண்டு சான்றாவது ஒத்துவராமல் எழுதக் கூடாது.

ஒத்துவராத இடங்களில் என்ன செய்வது என்பதற்குக் 'கச்சான்' நல்ல சோதனை. நமக்கு நிலக்கடலையும் கச்சான், மேற்கிலிருந்து அடிக்கும் காற்றும் கச்சான். கச்சான் காற்றுக் காலத்தில் வருவதால் கடலைக்கு அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். மலாய் மொழியிலோ பயறு, கடலை வகைகளுக்குக் 'கச்சாங்' என்று பெயர். நிலக்கடலை தென்னமெரிக்காவிலிருந்து உலகம் சுற்றிய பயிர், ஐரோப்பியக் கப்பல்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் ஆசியாவுக்கே வந்தது. ஒல்லாந்தர் மலாய்ப் படையினரை இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். சாறமும் தொதலும் மலாய்ப் பெயர்களோடு நம் வீட்டுக்கு வந்தவை. ஒலி, பொருள், காலம், வந்த வழி நான்கும் ஒரே பக்கம் காட்டுவதால் கடலைக்கு நான் மலாய்ப் பக்கம் சாய்கிறேன், காற்றின் பெயரைத் தனிச் சொல்லாக வைக்கிறேன். ஆனால் இதை எழுதும்போது இரண்டு விளக்கத்தையும் எழுதி, எதை எங்கே கேட்டேன், எந்த ஊர்க்காரர் சொன்னார் என்பதையும் சேர்த்தே எழுதுவேன். நாளைக்கு மலாயும் தமிழும் தெரிந்த ஒருவர் வந்து பழைய பக்கம் ஒன்றைக் காட்டினால், திருத்துவதற்கு அந்தக் குறிப்பு வேண்டும்.